உழைப்பு முகாமும் குப்பைமேட்டு வாசலும்

நம்முடைய பேராயங்களும் சபைச் சங்கங்களும் வைத்திருக்கிற கோடை முகாம் வளாகங்கள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் விடுமுறை வேதாகமப் பள்ளி ஆசிரியர் பயிற்சி, வாலிபர் முகாம், பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகை என்று ஒன்றன்பின் ஒன்றாக அங்கு ஆள் நடமாட்டம் இருக்கும். அதற்கு முன்னே போய்ப் பார்த்தால், வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற கோலத்திலேயே வளாகம் நிற்கும். ஓடுகள் சரிந்திருக்கும், கிணற்றில் சருகு மிதக்கும், கழிவறைக் கதவைக் கறையான் தின்றிருக்கும். ஆகவே பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு சனி ஞாயிறைக் குறித்து, மனமுவந்து வருவோரைக் கூட்டி வளாகத்தைச் செப்பனிடும் வழக்கம் பல இடங்களிலும் உண்டு. சிரமதானம் என்று சிலரும், உழைப்பு முகாம் என்று சிலரும் இதற்குப் பெயரிடுவர். இதை ஒழுங்கு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் ஓர் இளைய ஆயரிடமோ, பயிற்சிப் பணிக்கு அனுப்பப்பட்ட இறையியல் மாணவரிடமோ வந்து சேர்கிறது.

எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மண்வெட்டி வேண்டும், எத்தனை மூட்டை சுண்ணாம்பு வாங்குவது என்னும் கேள்விகளையே அவர் முதலில் எழுப்புவார். அவை தேவையான கேள்விகளே. ஆனால் எந்த வேலையை யார் செய்வது என்னும் கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. அது தானாகவே அமைந்துவிடுகிறது. கல்லூரி இளைஞர் சுவருக்கு வெள்ளையடிப்பர். பெண்கள் அடுப்படிக்குப் போவர். சபை மூப்பர்கள் நிழலில் நின்று மேற்பார்வை செய்வர். கழிவறையைச் சுத்தம் செய்ய ஊரின் ஒரு குறிப்பிட்ட தெருவிலிருந்து ஒருவர் கூலிக்கு அழைக்கப்படுவார். இப்பங்கீட்டைச் செயற்குழு எதுவும் தீர்மானிக்கவில்லை. நம் சமுதாயம் நெடுங்காலத்திற்கு முன்பே தீர்மானித்து வைத்ததை நாம் இரண்டு நாள் நடித்துக் காட்டுகிறோம். முடிவில் ஐக்கியப் பாட்டும் பாடிக் கலைகிறோம். உழைப்பு முகாமின் இறையியல் அதன் தியான உரைகளில் இருப்பதைவிட அதன் பணிப் பட்டியலில்தான் அதிகமாக இருக்கிறது என்பது நமது கருத்து.

உழைப்பு முகாம் என்னும் அமைப்பே இத்தகைய பங்கீடுகளைக் கலைப்பதற்காகப் பிறந்ததாகும். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளரும் அமைதிவாதியுமான பியேர் செரசோல் என்பவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, வெர்டன் போர்க்களத்தை அடுத்த எசன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரில் இடிபாடுகளை அகற்றிக் குடியிருப்புகள் அமைக்கத் தொடங்கினார். அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். இடித்த நாட்டாரும் இடிபட்ட ஊராரும் ஒரே மண்ணை அள்ள வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1934 ஜனவரியில் பீகாரில் பெருநிலநடுக்கம் நேர்ந்தபோது இதே செரசோல் இந்தியாவுக்கு வந்து, வீடிழந்த கிராமத்தாருக்கு வீடு கட்டும் பணியில் ஈடுபட்டார்.

திருச்சபைக்குள்ளும் இதற்கு இணையான முயற்சிகள் எழுந்தன. 1938இல் கிளாஸ்கோ நகரின் கோவன் பகுதியில் ஆயராயிருந்த ஜார்ஜ் மெக்லவுட், ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள அயோனா தீவில் பாழடைந்து கிடந்த துறவிமடக் கட்டடங்களை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். வேலையிழந்திருந்த கைவினைஞரையும் குருத்துவப் பயிற்சி பெற்ற இளைஞரையும் அவர் ஒன்றாகத் தீவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கல்தச்சர் சொல்வதை இளங்குருமார் கேட்டுச் செய்தனர். மக்களுக்குப் போதிக்கப் போகிறவர்கள் முதலில் அவர்களுக்குக் கீழே நின்று கல் சுமக்கட்டும் என்பது மெக்லவுடின் எண்ணம். அப்பணி 1965 வரை நடந்தது. வட இத்தாலியின் பிராலி என்னும் மலையூரில் வால்தென்சிய ஆயர் துல்லியோ வினே முன்னின்று எழுப்பிய 'அகாப்பே' முகாம் மனை நமது பொருளுக்கு இன்னும் நெருங்கியது. 1947 முதல் 1951 வரை, சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட நாடுகளின் இளைஞர் அங்கு வந்து கல்லும் மண்ணும் சுமந்து அதைக் கட்டினர். ஒரு கிறிஸ்தவ இளைஞர் முகாம் மனையே உழைப்பு முகாமின் பலனாக எழுந்ததற்கு அது சான்றாகும்.

சிரமதானம் என்னும் சொல்லைப் பலரும் அறியச் செய்தது இலங்கையின் சர்வோதய இயக்கம் ஆகும். அது 1958இல், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனதொலுவ என்னும் கிராமத்திற்கு அழைத்துச் சென்றதிலிருந்து தொடங்கிற்று. அக்கிராமத்தார் ரொடி என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள். நகரத்து மாணவர் அவர்களோடு தங்கி, உண்டு, உழைத்தனர். அது பௌத்தச் சிந்தனையில் வேரூன்றிய இயக்கம். நாம் அச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எந்த ஊரில் தொடங்கிற்று என்பதை விட்டுவிட்டோம்.

கூலியின்றி உழைப்பது தன்னிலேயே பரிசுத்தமான செயல் என்று எண்ணிவிடலாகாது. சாலொமோன் ஆலயத்திற்கு மரம் வெட்ட இஸ்ரவேலரில் முப்பதினாயிரம் அமஞ்சி ஆட்களைப் பிடித்ததாக முதலாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம் கூறுகிறது. ஆலயம் எழும்பிற்று, ஆனால் அடுத்த தலைமுறையில் அமஞ்சிக்காரரின் தலைவனாகிய அதோராம் கல்லெறியுண்டு இறந்தான், ராஜ்யமும் இரண்டாகப் பிளந்தது. அயலானைக் கூலி கொடாமல் வேலைகொண்டு மாளிகை கட்டும் அரசனை எரேமியா (22:13) சபிக்கிறார். நம் மொழியிலேயே இதற்குச் சான்று உண்டு. இன்று இறைப்பணிக்கு நாம் வழங்குகிற 'ஊழியம்' என்னும் சொல், பழைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டோரிடம் கூலியின்றி வற்புறுத்தி வாங்கப்பட்ட வேலைக்குப் பெயராயிருந்தது. தென் திருவிதாங்கூர்ச் சபைகளின் தொடக்க கால வரலாற்றில், ஞாயிற்றுக்கிழமைகளிலாவது ஊழியத்திலிருந்து விடுதலை வேண்டும் என்பது ஒரு பெரும் போராட்டமாயிருந்தது. அம்மக்களின் பேரப்பிள்ளைகளை நோக்கி, 'ஊழியம் செய்ய வாருங்கள்' என்று அறிவிக்கும்போது, அச்சொல் எங்கெல்லாம் போய்விட்டு நம்மிடம் வந்திருக்கிறது என்பதை ஆயர் அறிந்திருப்பது நலம்.

மனமுவந்த உழைப்பு அமஞ்சியாகாமல் காக்கும் வழியைத் திருமறையில் தேடினால், நெகேமியா மூன்றாம் அதிகாரம் நமக்குப் பெரிதும் உதவும். அருளுரைக்கு எடுக்கப்படாத அதிகாரங்களில் அதுவும் ஒன்று. பெயர்களும் வாசல்களும் அளவுகளுமாக நீளும் அதை வாசகர் தாண்டிச் செல்வதே வழக்கம். ஆயினும் அது ஒரு பணிப் பட்டியல் என்று கண்டுகொண்டால் ஒவ்வொரு வரியும் பேசத் தொடங்கும்.

பட்டியலுக்கு முன்னே இரண்டாம் அதிகாரத்தில் நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்று நாள் பேசாதிருக்கிறார். பின்பு சிலரை மாத்திரம் அழைத்துக்கொண்டு இரவில் புறப்பட்டு மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். ஊருணி வாசலருகே அவர் ஏறியிருந்த மிருகம் நடந்துபோக வழியில்லாதபடி இடிபாடு கிடந்தது என்று குறித்திருக்கிறார். எங்கு வழியில்லை என்பதைத் தம் கண்ணால் கண்டபிறகே அவர் மக்களை அழைத்தார். உழைப்பு முகாமுக்கு மூன்று வாரம் முன்பாவது பொறுப்பாளர் வளாகத்தை இவ்வாறு சுற்றிப் பார்த்தாக வேண்டும். தனியே போகாமல், ஒரு கொத்தனாரையும், வளாகக் காவலரையும், சமையல் அறிந்த ஒரு தாயாரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, எந்த மதகு அடைத்துக்கொள்ளும், பாம்பு எந்த மூலையில் தங்கும் என்பதெல்லாம் காவலருக்கும் அவர் மனைவிக்குமே தெரியும். அவர்களிடம் கேட்காமல் பட்டியல் எழுதுவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது.

இனிப் பட்டியலைப் பார்ப்போம். முதலில் வருபவர் பிரதான ஆசாரியனாகிய எலியாசிப். அவரும் அவர் சகோதர ஆசாரியரும் ஆட்டுவாசலைக் கட்டுகின்றனர். தட்டார் ஒரு பங்கையும், தைலக்காரர் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்கின்றனர். நுண்ணிய கைவேலைக்குப் பழகிய விரல்கள் அங்கே கல்லைப் புரட்டுகின்றன. எருசலேமின் ஒரு பாதிக்குப் பிரபுவாயிருந்த சல்லூம் தன் குமாரத்திகளுடன் வேலை செய்கிறான். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைப் பெறுகின்றனர். தன் வீட்டு முன்னே உள்ள மதிலை ஒருவனும் அரைகுறையாக விடமாட்டான் என்பது நெகேமியாவுக்குத் தெரிந்திருந்தது. தெக்கோவா ஊரார் உழைத்தனர், அவர்களுடைய பெரியோர் மாத்திரம் கழுத்து வளையவில்லை என்று ஐந்தாம் வசனம் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அதே தெக்கோவாக் குடிகள் 27ஆம் வசனத்தில் இன்னொரு பங்கையும் முடித்துக்கொடுக்கின்றனர். பெரியோர் செய்யாததைச் சிறியோர் இரட்டிப்பாய்ச் செய்வது எல்லாக் காலத்திலும் நடப்பதே.

இவற்றுள் நாம் நின்று நோக்க வேண்டியது 14ஆம் வசனமாகும். நகரத்தின் குப்பையும் கழிவும் வெளியேறும் வழியாகிய குப்பைமேட்டு வாசலைக் கட்டியவன் ரெக்காபின் குமாரன் மல்கியா. அவன் பெத்கேரேம் மாகாணத்தின் பிரபு. அவனுக்கு முன்னே சொல்லப்பட்ட சானோவாகின் குடிகள் பள்ளத்தாக்கு வாசலையும், அங்கிருந்து குப்பைமேட்டு வாசல்வரை ஆயிரம் முழ மதிலையும் கட்டிவந்து, அந்த வாசலண்டையில் நிற்கின்றனர். நாற்றமெடுக்கும் அந்த வாசலை, ஆள்விட்டுச் செய்விக்க வசதியுள்ள ஒருவன் எடுத்துக்கொள்கிறான். அதற்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை, புகழ்ச்சியும் இல்லை. கதவுகளையும் பூட்டுகளையும் தாழ்ப்பாள்களையும் போட்டான் என்பதோடு வசனம் முடிந்துவிடுகிறது.

முகாம் வளாகத்தின் குப்பைமேட்டு வாசல் அதன் கழிவறைகளாகும். இவ்விடத்தில் சட்டத்தையும் அறிவியலையும் முதலில் கூறியாக வேண்டும். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அதைவிட விரிவான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தடைசெய்யப்பட்டுள்ளது. பாதுகாப்புக் கவசமும் முன்னேற்பாடும் இன்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரையும் இறக்குவது குற்றம். 1993 முதல் இவ்வகையில் இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்ச ரூபாய் வழங்க வேண்டும் என 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொட்டிக்குள் தேங்கும் வாயு ஒரே மூச்சில் ஆளை வீழ்த்தும். தூக்கிவிட இறங்குகிறவரும் வீழ்வார். ஆகையால் தொட்டியின் மூடியைத் தன்னார்வலரும் திறக்கலாகாது, கூலிக்கு வருகிறவரையும் திறக்கச் சொல்லலாகாது. கழிவுநீர் உறிஞ்சும் ஊர்தியை அமர்த்துவதே வழி. அதற்கான செலவு வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

தரையையும் பீங்கானையும் கழுவுவது, சுவரைத் தேய்ப்பது, கதவு மாட்டுவது, தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வது ஆகியவையே நம் கையால் செய்யத்தக்கவை. அவற்றை யார் செய்வது? சீட்டுப் போட்டு எடுக்கலாம், அதில் பாரபட்சம் இல்லை என்று பல பொறுப்பாளர்கள் கருதுகின்றனர். நாம் அதை ஏற்கவில்லை. சீட்டுக்கு வரலாறு தெரியாது; சீட்டை எடுப்பவருக்கோ தெரியும். துடைப்பம் பிடிப்பது ஓர் இளைஞனுக்குத் தாழ்மையின் பாடமாக அமையலாம். பாட்டனும் தகப்பனும் அதே துடைப்பத்தால் இழிவுபடுத்தப்பட்ட மற்றோர் இளைஞனுக்கு அது ஆறிவரும் புண்ணைக் கீறுவதாகும். 1980களில் தலித் இறையியலுக்கு வழிவகுத்த அரவிந்த் நிர்மல், கடவுளையே பணிவிடைக்காரராகக் காணும்படி நம்மை அழைத்தார். அவ்வழைப்பை வசதியாகத் திரித்து, சுமத்தப்பட்ட அடிமை வேலையை 'ஊழியத்தின் மேன்மை' என்று பூசிவிடும் ஆபத்து நம் சபைகளில் இன்றும் இருக்கிறது. ஆதலின் கழிவறைப் பங்கில் முதற்பெயர் ஆயருடையதாயிருக்கட்டும். இரண்டாம் பெயர் சேகரக் குழுவின் பொருளாளருடையதாகவோ, மற்றெந்தப் பதவியாளருடையதாகவோ இருக்கட்டும். அதன்பின் விரும்புவோர் சேர்ந்துகொள்ளலாம்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆயர் துடைப்பத்துடன் நிற்கும் படம் அடுத்த மாதச் சபைப் பத்திரிகையில் வெளிவருமானால் அவ்வேலை அப்போதே வீணாயிற்று. 1901இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் கழிவறைகளின் நிலையைக் கண்ட காந்தியடிகள் தொண்டர்களிடம் முறையிட்டபோது, அது தோட்டியின் வேலை என்று விடை வந்தது. அவர் துடைப்பம் ஒன்றைத் தேடிப் பெற்றுத் தாமே ஒரு கழிவறையைக் கழுவினார். ஆனால் அது தமக்காக மட்டுமே செய்தது, எல்லாவற்றையும் அடிக்கடி கழுவுவது தம்மால் ஆகாததாயிருந்தது என்றும் அவரே தம் வரலாற்றில் எழுதுகிறார். ஒருவர் ஒருமுறை செய்வது முன்மாதிரியாகலாம், ஒழுங்காகாது. மே மாதத்தில் முகாம் நடக்கும் நாட்களில் அதே கழிவறையை யார் கழுவுவார் என்பதையும் மார்ச்சிலேயே எழுதிவைத்தால்தான் பொருளுண்டு.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெகேமியா நான்காம் அதிகாரத்தில் மதில் எழும்புகிறது. ஆறாம் அதிகாரத்தில் ஐம்பத்திரண்டு நாளில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே ஐந்தாம் அதிகாரத்தில் மக்களும் அவர்கள் மனைவிமாரும் கூக்குரலிடுகின்றனர். பஞ்சத்தில் நிலத்தையும் வீட்டையும் அடகுவைத்துத் தானியம் வாங்கினோம், பிள்ளைகளை அடிமைப்படுத்த நேர்ந்தது என்பது அவர்கள் முறையீடு. இவ்வதிகாரம் இங்கே ஏன் வந்தது என்பதில் விளக்கவுரையாளர் பலவிதமாகக் கருதுவர். நமக்கு அதன் இடம் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஒரே மதிலைக் கட்டுகிறவர்களுக்கு அந்த வேலையால் நேரும் இழப்பு ஒரே அளவினதாக இல்லை. சனிக்கிழமை முகாமுக்கு வரும் ஆசிரியர் தம் விடுமுறையைத் தருகிறார். சித்தாள் வேலைக்குப் போகும் பெண் அன்றைய அரிசியைத் தருகிறாள். வந்தோர் பெயரை வாசித்து வாராதோரைக் குத்திக்காட்டும் ஆயர் இதை எண்ணிப் பார்ப்பாராக. நெகேமியா கடன்காரரைக் கடிந்ததோடு நில்லாமல், அதிபதிக்குரிய படியைத் தாம் வாங்கவில்லை என்பதையும் தம் வேலைக்காரரும் மதில் வேலைக்கு வந்தனர் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

நடைமுறையில் இது பட்டியலை மூன்றாகப் பிரிப்பதில் முடியும். தன்னார்வலர் செய்யத்தக்கவை ஒன்று. கொத்தனார், தச்சர், மின்பணியாளர் ஆகியோரை அமர்த்திச் செய்விக்க வேண்டியவை ஒன்று. ஒருவரும் செய்யலாகாதவை ஒன்று. இரண்டாம் வகைக்கு அவ்வூரில் வழங்கும் முழுக்கூலியைக் கொடுத்துவிட வேண்டும். கொத்தனார் சபையைச் சேர்ந்தவராயிருப்பது கூலியைக் குறைக்கக் காரணமாகாது. அவரே மனமுவந்து வேண்டாம் என்றால் அது அவருடைய காணிக்கை. அதை ஒலிபெருக்கியில் சொல்லவேண்டியதில்லை. வளாகத்தை அடுத்த ஊரில் வேலி கட்டியும் புல் செதுக்கியும் பிழைப்பவர் இருப்பாரானால், அவருடைய வேலையை நாம் இலவசமாகச் செய்து அதற்கு அருட்பணி என்று பெயரிடுவதும் முறையன்று. கூலியை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் ஓர் உழைப்பு முகாம் நடத்தப்படுமானால், பணத்தைத் திரட்டி ஆள் வைத்துச் செய்துவிடுவதே நேர்மையான வழி.

அமர்த்தப்பட்ட கொத்தனாரை மேற்பார்வைக்குட்பட்டவராக வைக்காமல், அந்தப் பங்கின் தலைவராக வைக்க வேண்டும். பட்டதாரி இளைஞர் அவர் சொற்படி மணல் சலித்து, கலவை கொண்டு கொடுத்து, பூச்சுக்குமுன் சுவரை நனைக்கட்டும். அயோனாவில் நடந்ததும் இதுவே. 'அண்ணாச்சி, கலவை இறுகிவிட்டதா?' என்று ஓர் இறையியல் மாணவர் கேட்டு நிற்கும் அரை மணி நேரம், எங்கள் வகுப்பறைகளில் நாங்கள் கொடுக்க இயலாத பயிற்சியாகும்.

வேலைகளின் அபாயங்களைச் சுருக்கமாகக் குறிப்பிடுவோம். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வை போகக்கூடும். ஆகவே முந்தின நாளே, பிள்ளைகள் இல்லாத இடத்தில், பழக்கமுள்ள ஒருவர் நீற்றி வைக்க வேண்டும். அடிப்பவர்க்குக் கண்ணாடியும், அருகில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் இருக்கட்டும். ஓட்டுக் கூரையில் பழக்கமில்லாதவர் ஏறலாகாது. பழைய கூடங்களில் கல்நார்த் தகடு வேயப்பட்டிருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ உலர்ந்தபடி பெருக்கவோ கூடாது. அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும். அடுக்கிய ஓடுகளையும் விறகையும் வெறுங்கையால் எடுக்காமல் கோலால் தட்டி நகர்த்த வேண்டும். பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்குப் போக வண்டி எங்கே நிற்கிறது என்பதை வேலை தொடங்குமுன் எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும். சிறுவர்க்கு ஏணியும் அரிவாளும் வேண்டாம். செடிக்குக் குழியெடுக்கவும் நூலகப் புத்தகங்களை வெயிலில் காயவைக்கவும் அவர்கள் போதும்.

கிணற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது பயனுள்ளது. முகாம்களில் வயிற்றுப்போக்கு வந்தால் அதன் ஊற்றுப் பெரும்பாலும் தண்ணீரே. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றுக்குள் தன்னார்வலர் இறங்கலாகாது. அங்கும் உயிர்வளி குறைந்திருக்கலாம். மேலிருந்தே சருகை அள்ளி, பம்பு வைத்துப் பழைய நீரை இறைத்துவிட்டு, ஊறிய நீருக்குப் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். வட்டக் கிணறாயின், மீட்டரில் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று தெரியும். மூன்று மீட்டர் விட்டமும் இரண்டு மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 14,130 லிட்டர் இருக்கும். தெளிந்த நீருக்கு ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிராம் நல்ல தூள் போதுமாகையால், இதற்குச் சுமார் 35 கிராம் வேண்டும். அதை வாளியில் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணம் அடியில் படியவிட்டு, தெளிவை மாத்திரம் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நீரைப் பயன்படுத்தலாம். கலங்கல் நீருக்கு இவ்வளவு போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரை அழைத்துக் கேட்பதே நல்லது. அவர் வந்து பார்ப்பது அக்கம்பக்கத்தாருக்கும் நம்மீது ஒரு நல்லெண்ணத்தை உண்டாக்கும்.

அடுப்படியும் பட்டியலில் இடம்பெற வேண்டும். அறுபது பேருக்கு மூன்று வேளை சமைக்கும் தாய்மார் வேலை செய்தோர் கணக்கில் வராமலும், மாலைத் தியானத்தில் உட்கார நேரமில்லாமலும் போவது நாம் எங்கும் காணும் காட்சி. சல்லூமின் குமாரத்திகள் மதிலில் நின்றனர் என்பதை நினைவுகூர்ந்து, சுவர் வேலையில் விரும்பும் பெண்களுக்கும், வெங்காயம் உரிப்பதில் எல்லா ஆண்களுக்கும் பங்கு கொடுக்கலாம். சாப்பாடு ஒரே பந்தியாக, ஒரே உணவாக இருக்கட்டும். கூலிக்கு வந்தவருக்கு வராந்தாவில் பொட்டலமும் நமக்கு உள்ளே இலையும் என்றால், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பதினோராம் அதிகாரத்தின் கண்டனம் நம் தலைமேல் விழும்; அங்கேயும் பசித்திருந்தவர்கள் உழைத்துவிட்டுப் பிந்தி வந்தவர்களாகவே இருந்திருக்கக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா என்று கேட்கப்படுகிறது. வளாகத்தைச் செப்பனிடுவதும் இறைப்பணியே, ஆகையால் குற்றமில்லை என்பர் சிலர். நாம் சனிக்கிழமை மாலையோடு நிறுத்திவிடுவதையே விரும்புகிறோம். யாத்திராகமத்தின் கற்பனை ஓய்வை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மிருகத்துக்கும் வாசலிலுள்ள அந்நியனுக்கும் கொடுக்கிறது. உபாகமம் ஐந்தாம் அதிகாரம், நீங்களும் அடிமைகளாயிருந்தீர்கள் என்பதை அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. ஞாயிற்று ஓய்வுக்காகப் போராடியவர்களின் வழிவந்த சபை, முடியாத வேலிக்காக அதை விட்டுக்கொடுக்கலாகாது. காலையில் எல்லாரும் அருகிலுள்ள கிராமச் சபைக்கே நடந்துசென்று, அங்குள்ள உபதேசியாரின் தலைமையில் வழிபடலாம். ஊரார் நம்மைப் பார்க்க வரும்படி வளாகத்தில் தனி வழிபாடு நடத்தவேண்டியதில்லை. முந்தின இரவே ஊறவைத்ததும் அரைத்ததுமாக எளிய உணவை ஏற்பாடு செய்தால் சமையலறையாரும் உடன் வர இயலும். மின்பணியாளர், காவலர் ஆகியோரின் குடும்பங்களையும் மதிய உணவுக்கு அழைக்கலாம்.

வேலை முழுவதும் முடிந்திராது. முடியாதவற்றை எழுதி, யார் எப்பொழுது முடிப்பார் என்று குறித்து, சேகரக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். கடன் வாங்கிய கடப்பாரைகளும் மண்வெட்டிகளும் எண்ணிக் கழுவித் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். இதில் தவறினால் அடுத்த ஆண்டு ஒருவரும் தரமாட்டார்கள். கணக்கு அடுத்த ஞாயிறே வாசிக்கப்படலாம்.

வளாகத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைத்து, இன்ன ஆண்டு, இன்ன நாள், இன்ன பங்கு, இன்னார் செய்தது என்று எழுதிவைக்கும் பழக்கத்தையும் தொடங்கலாம். கல்வெட்டு வேண்டாம், கல்வெட்டில் நன்கொடையாளரின் பெயர் மட்டுமே இடம்பெறுகிறது. நோட்டுப் புத்தகத்தில் கூலி பெற்ற கொத்தனார், சித்தாள், காவலர், அவர் மனைவி, இஞ்சி நசுக்கிய பாட்டி, குழியெடுத்த சிறுவர் என எல்லார் பெயரும் தகப்பன் பெயரோடும் தாயின் பெயரோடும் இருக்கட்டும். கழிவறைப் பங்குக்கும் அதே அளவு இடம் ஒதுக்கி, அதே மையால் எழுதலாம். வராமற்போனவர்களின் பெயரை எழுதுவது பற்றிச் சேகரக் குழு தீர்மானித்துக்கொள்ளட்டும். தெக்கோவாவின் பெரியோரைக்கூட நெகேமியா பெயர் சொல்லிக் குறிக்கவில்லை.